பிராண்டுகளின் சமூக ஊடக கேம்பெயின்: உள்ளே என்னதான் நடக்கிறது?

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, செருப்பு விற்கும் பிராண்டுகள் சமூக ஊடகத்தில் போடுவதெல்லாம் கேம்பெயின் ஆகிவிடாது. தினம் ஒரு பதிவு, விசேஷ நாளுக்கு ஒரு வாழ்த்து என்பதெல்லாம் பக்கத்தை உயிரோடு வைத்திருக்கும் வேலை. கேம்பெயினுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. ஒதுக்கிய பணம் உண்டு. யாரிடம் என்ன சொல்லி, அவர்களை என்ன செய்ய வைக்கப் போகிறோம் என்ற தீர்மானம் உண்டு. இந்தக் கடைசித் தீர்மானம்தான் தலையாயது. வீடியோவின் நீளம், பணத்தைப் பிரிக்கும் விதம், முடிவில் பார்க்க வேண்டிய எண் என்று மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கும். அது தெளிவில்லாமல் தொடங்கினால் லைக் வரலாம், வியூ வரலாம். விற்பனைக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

நோக்கத்தைச் சொல்லும் இடம்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் விளம்பரம் போட, அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஆட்ஸ் மேனேஜரைத் திறந்தால், அது கேட்கும் முதல் கேள்வியே உங்கள் நோக்கம் என்ன என்பதுதான். அறிமுகம், டிராஃபிக் (நம் இணையப் பக்கத்துக்கு ஆள் வருவது), எங்கேஜ்மென்ட் (லைக், கமெண்ட், பகிர்வு), லீட்ஸ் (வாங்கக்கூடியவர்களின் தொடர்பு விவரம்), ஆப் புரமோஷன், விற்பனை என்று 6 தேர்வுகள் இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைச் சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்து எதையோ தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இங்கே சொல்லும் பதிலை வைத்துத்தான் அது ஆட்களைத் தேடுகிறது.

டிராஃபிக் என்று சொன்னால், எதைப் பார்த்தாலும் கிளிக் செய்யும் பழக்கம் உள்ளவர்களை மலிவாகப் பிடித்துக் கொடுக்கும். அவர்கள் வாங்குகிறவர்களா என்று அது பார்க்காது, நாம் அதைக் கேட்கவில்லையே. விற்பனை என்று சொன்னால் கிளிக்கின் விலை ஏறும், ஆனால் வாங்கக்கூடியவர்களைத் தேடும். "கிளிக் கொட்டுகிறது, ஆர்டர் ஒன்றும் வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் தவறான தேர்வுதான் இருக்கும்.

பொருள் கடைகளில் விற்பதா, இணையத்தில் விற்பதா என்பதும் இங்கே முக்கியம். பற்பசையை யாரும் விளம்பரத்தைப் பார்த்த கையோடு கிளிக் செய்து வாங்குவதில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பெயர் நினைவுக்கு வந்தால் போதும். அந்த வகைப் பிராண்டுக்குச் சரியான நோக்கம் அறிமுகம்தான். அவர்கள் கிளிக்கை எண்ணிக்கொண்டிருப்பது வீண்.

சொந்த இடம், வாங்கிய இடம், தானாகக் கிடைத்த இடம்

பிராண்டின் சொந்தப் பக்கத்தில் 2 லட்சம் ஃபாலோயர் இருந்தால் போடும் பதிவு 2 லட்சம் பேரைச் சென்றடையும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதே இல்லை. ஒவ்வொருவருக்கும் எதைக் காட்டுவது என்று அல்காரிதம் தீர்மானிக்கிறது. வணிகப் பதிவுகள் சொந்த ஃபாலோயர்களிலேயே ஒரு சிறு பகுதியினரிடம்தான் போய்ச் சேருகின்றன. ஆகவே பெரிய பிராண்டுகள் சொந்தப் பக்கத்தைக் கடையின் முகப்பைப் போல வைத்துக்கொள்கின்றன. விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர் அங்கே எட்டிப் பார்த்து, இது நம்பத்தக்க கம்பெனியா என்று முடிவு செய்வார்.

ஆட்களைக் கூட்டிவருவது காசு கொடுத்து வாங்கும் விளம்பர இடம். இது நிலையான விலைக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை ஒருவர் திரையைத் திறக்கும்போதும் உள்ளே ஏலம் நடக்கிறது. மெட்டாவில் அந்த ஏலத்தை அதிகப் பணம் சொன்னவர்தான் வெல்வார் என்பதில்லை. நாம் கேட்ட விலை, இந்த ஆள் நாம் விரும்பிய செயலைச் செய்வதற்கான வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. பார்ப்பவர்கள் மறைத்துவிட்டுப் போகும் விளம்பரத்துக்கு அதே இடம் அதிக விலைக்குக் கிடைக்கும். நல்ல வீடியோ எடுப்பது அழகுக்காகச் செய்யும் காரியம் என்று கணக்குப் பிரிவு நினைத்தால், இந்த ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாவது, மற்றவர்கள் தாமாகப் பேசுவதும் பகிர்வதும். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஓரியோ. 2013 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் நடுவே மின்சாரம் போய் ஆட்டம் 34 நிமிடம் நின்றது. அந்த இடைவெளியில், இருட்டிலும் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடலாம் என்ற பொருளில் ஓரியோ ஒரு படத்தை ட்விட்டரில் போட்டது. அது உலகம் முழுவதும் பரவியது. சமயோசிதம் என்று பாராட்டி நிறுத்திவிடுவார்கள். அதன் பின்னால் இருந்த ஏற்பாடுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. முந்தைய ஆண்டில், பிராண்டின் நூற்றாண்டை ஒட்டி, அந்தந்த நாளின் செய்தியை வைத்து 100 நாட்களுக்கு 100 படங்கள் போட்டு அந்தக் குழு பழகியிருந்தது. ஆட்டத்தன்று படம் செய்கிறவர்களும், சரி என்று ஒப்புதல் தரும் பிராண்டு அதிகாரிகளும் ஆட்டத்தைக் கவனித்தபடி தயாராக இருந்தார்கள். ஒப்புதலுக்கு மூன்று நாள் எடுக்கும் கம்பெனியில் அதே யோசனை யாருக்காவது தோன்றியிருந்தாலும் மின்சாரம் திரும்பி, ஆட்டமும் முடிந்திருக்கும். தானாகப் பரவுவதை நம்பி பட்ஜெட் போடக் கூடாது. ஆனால் வாய்ப்பு வந்தால் பிடித்துக்கொள்ள யார் ஒப்புதல் தருவார், எத்தனை நிமிடத்தில் தருவார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

12 வினாடி வீடியோவை எப்படிக் கட்டுவது

தொலைக்காட்சிக்கு எடுத்த 30 வினாடி விளம்பரத்தை அப்படியே வெட்டி ரீல்ஸில் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தொலைக்காட்சி விளம்பரம் மெதுவாகத் தொடங்கும், கதை வளரும், பெயர் கடைசியில் வரும். ரீல்ஸ் பார்க்கிறவரின் கட்டைவிரல் அதுவரை காத்திருக்காது. பெயர் தெரிவதற்கு முன்பே தள்ளிவிட்டுப் போனவர்களுக்காகவும் நாம் பணம் கட்டியிருப்போம்.

பாத்திரம் துலக்கும் திரவத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 2 வினாடியில் அடிப்பிடித்துக் கருகிய பாத்திரம், திரை நிறைய, மிக அருகில். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: "இதை எத்தனை நேரம் தேய்ப்பீர்கள்?" ஓரத்தில் பாட்டில் தெரிய வேண்டும், லேபிள் படிக்கும்படியாக. 2 முதல் 7 வினாடி வரை சொட்டு விடுவது, ஊறுவது, ஒரே இழுப்பில் கரி வழிவது. இதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டினால்தான் நம்புவார்கள். நடுவில் வெட்டினால் வேறு பாத்திரம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும். 7 முதல் 10 வரை பளிச்சென்ற பாத்திரமும் பாட்டிலும் சேர்ந்து. கடைசி 2 வினாடி, எங்கே கிடைக்கும், என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே ஒரு வேண்டுகோள். மணம், விலை, கையை உறுத்தாத தன்மை என்று இன்னும் மூன்று பெருமைகள் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனி வீடியோ எடுக்கலாம். ஒன்றில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது.

அளவு 9:16 செங்குத்து, 1080க்கு 1920 பிக்சல். ரீல்ஸில் மேலே சுமார் 14 சதவீதமும் கீழே சுமார் 35 சதவீதமும் எழுத்தோ லோகோவோ இல்லாமல் விட வேண்டும். அந்த இடங்களில் கணக்கின் பெயர், கேப்ஷன், பொத்தான்கள் வந்து மூடிவிடும். விலையை அடியில் எழுதிவிட்டு, வெளியான பிறகு கைபேசியில் பார்த்து அது பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது அடிக்கடி நடக்கிறது. கணினித் திரையில் ஒப்புதல் வாங்குவதுதான் இதற்குக் காரணம். கைபேசியில் போட்டுப் பார்த்தே ஒப்புதல் தாருங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய. பேசுவது எல்லாம் எழுத்தாகவும் வர வேண்டும்.

ஒரு நாள் படப்பிடிப்பில் ஒரு வீடியோவுடன் திரும்பாதீர்கள். நடுப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு முதல் 2 வினாடியை மட்டும் மூன்று விதமாக எடுங்கள்: கருகிய பாத்திரம் ஒன்று, தேய்த்துக் களைத்த கை ஒன்று, பாட்டிலை நேராகக் காட்டிப் பேசுவது ஒன்று. பலன் பெரும்பாலும் தொடக்கத்தில்தான் வேறுபடும். எது எடுபடும் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து வாதாடித் தீர்க்க முடியாது. மூன்றையும் ஓடவிட்டால் சில நாளில் தெரிந்துவிடும்.

பணத்தைப் பிரிக்கும்போது

விளம்பரம் ஓடத் தொடங்கியதும் மெட்டாவின் அமைப்பு யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று கற்கும். ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே வகை ஆட்களைக் குறிவைத்து ஓடும் விளம்பரத் தொகுப்பு) வாரத்தில் சுமார் 50 பலன் கிடைத்தால்தான் அந்தக் கற்றல் நிலைபெறும். இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு விற்பனைக்கு 400 செலவாகும் என்று வைத்துக்கொண்டால், 50 விற்பனைக்கு வாரம் 20,000 வேண்டும், எந்த நாணயமாக இருந்தாலும். அந்த 20,000ஐ வயது வாரியாக, பாலினம் வாரியாக, ஆர்வம் வாரியாக 5 ஆட் செட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 4,000, அதாவது 10 விற்பனைதான் வரும். ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. பணம் குறைவாக இருந்தால் ஒரே குழுவாக வைத்து, வீடியோக்களை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

இரண்டு நாளில் பலன் இல்லையென்று பட்ஜெட்டைப் பெரிதாக ஏற்றி இறக்குவதும், டார்கெட்டை மாற்றுவதும் கற்றலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். கை அரிக்கும்தான்; ஆனாலும் ஒரு வாரம் விட்டுவிடுவது நல்லது. லிங்க் வேலை செய்யவில்லை, விலை தவறாகப் போய்விட்டது என்பது போன்ற பிழைகளுக்கு மட்டும் உடனே நிறுத்துங்கள்.

இன்னொரு பக்கம், ஒரே வீடியோவை ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போவதும் உண்டு. மொத்த இம்ப்ரெஷனை (விளம்பரம் திரையில் வந்த தடவைகள்) ரீச்சால் (அதைப் பார்த்த ஆட்களின் எண்ணிக்கை) வகுத்தால் ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்று வரும். இதுதான் ஃப்ரீக்வென்சி. இந்த எண் ஏறிக்கொண்டே போக, கிளிக் சதவீதம் இறங்கிக்கொண்டே வந்தால் புது வீடியோ போடும் நேரம் வந்துவிட்டது.

இன்ஃப்ளூயன்சர்கள்

நம் பொருளைப் பற்றிப் பேச இன்ஃப்ளூயன்சரைத் தேடும்போது ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து ஆள் பிடிக்காதீர்கள். கடைசி 12 பதிவுகளைத் திறந்து கமெண்டுகளை வாசியுங்கள். வெறும் இதய ஸ்மைலிகளும் "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லும் மட்டும் இருந்தால் அங்கே உரையாடல் இல்லை. "இது எண்ணெய்ச் சருமத்துக்கு ஆகுமா?" என்று கேள்வி வந்து, அவரும் பதில் சொல்லியிருந்தால் அவருடைய வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது. எண்ணாகவும் பார்க்கலாம்: 40,000 ஃபாலோயர் உள்ளவருக்குப் பதிவு ஒன்றுக்குச் சராசரியாக 1,200 லைக், 80 கமெண்ட் என்றால் இரண்டும் சேர்ந்து ஃபாலோயர்களில் 3.2 சதவீதம். ஒரே துறையில் இருக்கும் பத்துப் பேருக்கு இந்த எண்ணை எடுத்து அவர்களுக்குள் ஒப்பிடுங்கள். அவருடைய ஃபாலோயர்கள் எந்த நாட்டில், எந்த வயதில் இருக்கிறார்கள் என்ற ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பொருள் கிடைக்காத நாட்டில் அவர் புகழ் பெற்றிருந்து பயனில்லை.

அவருக்குக் கொடுக்கும் பிரீஃப் (வேலைக் குறிப்பு) ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு தகவல், சொல்லவே கூடாதவை (நிரூபிக்க முடியாத மருத்துவ வாக்குறுதி போன்றவை), வெளியிடும் தேதி, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், அந்த வீடியோவை நாம் விளம்பரமாக எத்தனை நாள் ஓட்டிக்கொள்ளலாம், போட்டிப் பிராண்டோடு அவர் எவ்வளவு காலம் வேலை செய்யக் கூடாது, பணம் எப்போது வரும். கடைசி நான்கும் எழுத்தில் இல்லாமல் போனால்தான் சண்டை வருகிறது. வசனத்தை வரிக்கு வரி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய பேச்சு நடைக்காகத்தான் ஆட்கள் அவரைப் பார்க்கிறார்கள்.

பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பல நாடுகளில் இதற்கு விதி இருக்கிறது. அமெரிக்காவில் லார்டு அண்டு டெய்லர் என்ற துணிக்கடை நிறுவனம் 2015ல் 50 ஃபேஷன் இன்ஃப்ளூயன்சர்களுக்கு ஒரே கவுனை இலவசமாகக் கொடுத்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை தந்து இன்ஸ்டாகிராமில் போடச் சொன்னது. கவுன் விற்றுத் தீர்ந்தது. ஆனால் அந்தப் பதிவுகளில் பணம் வாங்கியது சொல்லப்படவில்லை. அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி வழக்கெடுத்து, 2016ல் நிறுவனம் சமரச உத்தரவுக்கு உட்பட்டது. பொறுப்பு பிராண்டின் தலையில்தான் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். அறிவிப்பு கேப்ஷனின் முதல் வரியில் இருக்க வேண்டும். "மேலும்" என்பதைத் தொட்டால்தான் தெரியும் இடத்திலோ 20 ஹேஷ்டேக்குகளின் நடுவிலோ ஒளித்து வைத்தால் அது அறிவிப்பு ஆகாது. வீடியோ என்றால் திரையிலும் வர வேண்டும், வாயாலும் சொல்வது நல்லது.

மக்களைக் கலந்துகொள்ளச் செய்யும்போது

கோகோ கோலா 2011ல் ஆஸ்திரேலியாவில் தன் பாட்டில்களில் 150 பெயர்களை அச்சிட்டது. தன் பெயரோ நண்பரின் பெயரோ உள்ள பாட்டிலைத் தேடிப் பிடித்தவர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். பிறகு பல நாடுகளுக்கு அது போனது. இங்கே மக்கள் பகிர்ந்தது தங்கள் பெயரை. பிராண்டு கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் "மெக்டிஸ்டோரீஸ்" என்ற ஹேஷ்டேக்கைக் காசு கொடுத்து ட்விட்டரில் முன்னிறுத்தியது. நல்ல கதைகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். சாப்பாட்டைப் பற்றிய கசப்பான கதைகள் வந்து குவிந்தன. 2 மணி நேரத்துக்குள் விளம்பரத்தை நிறுத்தினார்கள், பேச்சை நிறுத்த முடியவில்லை. "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்பது எல்லை இல்லாத கேள்வி. மனக்குறை உள்ளவர்தான் முதலில் பதில் சொல்வார். பிரிட்டனில் 2017ல் வாக்கர்ஸ் சிப்ஸ் கம்பெனி, ரசிகர்கள் அனுப்பும் செல்ஃபியைப் பிரபல முன்னாள் கால்பந்து வீரர் கையில் ஏந்திக் காட்டுவது போல வீடியோ ஆக்கித் தானாகவே வெளியிடும் ஏற்பாட்டைச் செய்தது. விஷமிகள் பேர்போன குற்றவாளிகளின் படங்களை அனுப்ப, அவையும் வெளியாகின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை மூடியது.

வெளியிடும் முன் ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும் என்பது இதில் விட்டுக்கொடுக்க முடியாத விதி. கேட்கும் காரியமும் குறுகலாக இருக்கட்டும்: "பழைய பாட்டிலில் நட்ட செடியின் படம் போடுங்கள்" என்றால் வருவது செடிப் படமாகத்தான் இருக்கும். ஹேஷ்டேக்கை முடிவு செய்யும் முன் அதே சொல் ஏற்கெனவே எங்காவது வேறு பொருளில் ஓடுகிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேம்பெயின் நாட்களில் கமெண்டுக்குப் பதில் சொல்ல ஆள் போடுவதில்தான் பிராண்டுகள் அதிகம் கஞ்சத்தனம் காட்டுகின்றன. பெரிய இழப்பு அது. விளம்பரத்தின் கீழே பதில் இல்லாமல் கிடக்கும் "மூன்று வாரமாச்சு, பொருள் வரலை" என்ற ஒரு வரியை அடுத்து வரும் ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள், அதுவும் நம் செலவில். ஆர்டர் எண்ணை இன்பாக்ஸில் வாங்குங்கள், தீர்ந்ததும் அதே கமெண்டின் கீழே வந்து தீர்ந்துவிட்டது என்று எழுதுங்கள். ஆபாசம், வெறுப்புப் பேச்சு, மற்றவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் நீக்கலாம். புகாரை அழித்தால் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும்.

எண்களைப் படிப்பது

வியூ என்பது எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. யூடியூபில் தாண்டக்கூடிய விளம்பரத்தை 30 வினாடி பார்த்தால், அதைவிடச் சிறியது என்றால் முழுதாகப் பார்த்தால், அல்லது தொட்டால்தான் வியூ. இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் ஓடத் தொடங்கினாலே வியூ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு. தளம் சொல்லும் எண்ணிலும் பிழை வரலாம். 3 வினாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டதால் சராசரிப் பார்வை நேரத்தைக் கூட்டிக் காட்டியதாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது.

இணையத்தில் விற்கும் ஒரு பிராண்டின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். செலவு 20,000. இம்ப்ரெஷன் 2,00,000, ரீச் 80,000. ஆளுக்குச் சராசரி 2.5 முறை. ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு ஆன செலவு, அதாவது சிபிஎம், 100. கிளிக் 2,400, அதாவது 1.2 சதவீதம். பக்கம் திறந்தவர்கள் 1,800. கார்ட்டில் சேர்த்தவர்கள் 180. வாங்கியவர்கள் 36. சராசரி ஆர்டர் 900 என்றால் விற்பனை 32,400. ஒன்று போட்டு 1.62 வந்தது, லாபம் என்று தோன்றும். பொருளின் அடக்கம், பேக்கிங், அனுப்பும் செலவு போக 40 சதவீதம்தான் மிச்சம் என்றால் கையில் நிற்பது 12,960. ஆக 7,040 நஷ்டம். 40 சதவீத மிச்சம் உள்ள பிராண்டுக்கு ஒன்று போட்டால் 2.5 வந்தால்தான் போட்ட பணம் மீளும்.

இப்போது எங்கே ஓட்டை என்று பாருங்கள். கிளிக் செய்த 600 பேர் பக்கம் திறக்கும் முன்பே போய்விட்டார்கள்; பக்கம் கனமாக இருக்கும், படங்களைச் சுருக்க வேண்டும். கார்ட்டில் சேர்த்த 180 பேரில் 144 பேர் வாங்கவில்லை. கடைசித் திரையில் திடீரென்று டெலிவரி கட்டணம் முளைத்தால் இப்படி ஆகும். அதை முதலிலேயே சொல்லி, வாங்குகிறவர்கள் 72 ஆனால் விற்பனை 64,800, மிச்சம் 25,920, லாபம் 5,920. விளம்பரத்தில் ஒரு வார்த்தையும் மாறவில்லை.

ஒவ்வொரு லிங்கிலும் யூடிஎம் குறிகளை (லிங்கின் கடைசியில் ஒட்டும், ஆள் வந்த வழியைச் சொல்லும் சிறு சொற்கள்) சேர்த்துவிடுங்கள். எந்தத் தளம், எந்த கேம்பெயின், எந்த வீடியோ என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். பெயரிடும் முறையை எல்லோரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஐஜி என்றும் இன்னொருவர் இன்ஸ்டா என்றும் எழுதினால் அறிக்கையில் அது இரண்டு தளமாக வரும். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐஓஎஸ் 14.5 வழியாக, ஆப்புகள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்று ஆக்கிய பிறகு, தளங்கள் காட்டும் விற்பனை எண்ணில் ஒரு பகுதி மதிப்பீடுதான். போதாததற்கு, ஒரே வாங்குதலை இரண்டு தளங்களும் தன் விளம்பரத்தால் வந்தது என்று சொல்லிக்கொள்ளும். இரண்டையும் கூட்டினால் உண்மையில் வந்த ஆர்டரைவிட அதிகமாக வரும்.

ஆகவே கொஞ்சம் பெரிய பட்ஜெட் உள்ளவர்கள் வேறொரு சோதனை செய்கிறார்கள். விற்பனை ஏறக்குறைய ஒரே போக்கில் இருக்கும் இரண்டு பகுதிகளை எடுத்து, ஒன்றில் விளம்பரத்தை ஓட்டி, மற்றதில் 4 வாரம் அடியோடு நிறுத்திவிடுவார்கள். முடிவில் இரண்டு பகுதிகளின் விற்பனைக்கும் உள்ள வித்தியாசம்தான் விளம்பரம் உண்மையில் கொண்டுவந்தது. கடையில் விற்கும் பொருளுக்கும் இது பொருந்தும், கிளிக்கே தேவையில்லை. தொடங்கும் முன் குறைந்தது 8 வாரப் பழைய விற்பனையை எடுத்து இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். தள்ளுபடி நடக்கும் வாரங்களிலும், ஒரு பகுதியில் மட்டும் சரக்குத் தட்டுப்பாடு இருக்கும்போதும் இதைச் செய்தால் வரும் வித்தியாசம் எதனால் என்று பிரிக்க முடியாது. அந்த வாரங்களைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.